சுங்கை சிப்புட் வெயிலில் ஓர் ஏர்கோன் கட்டுப்பாட்டுக் கருவி: நான்கு மாத அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில், பிப்ரவரி நடுவில் தொடங்கி மே கடைசி வரை, வெளியே அடிக்கும் வெயிலுக்கு ஏற்ப ஏர்கோனை (குளிர்சாதனத்தை) தானே ஏற்றி இறக்கும் ஒரு கருவியைப் பயன்படுத்திப் பார்த்தேன். உள்ளங்கை அளவுள்ள வெள்ளைப் பெட்டி ஒன்றைச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். ரிமோட் ஏர்கோனுக்கு அனுப்பும் அதே சமிக்ஞையை அதுவும் அனுப்புகிறது. வானிலை முன்னறிவிப்பை இணையம் வழியாகப் பெற்று, மின்கட்டணம் கூடுதலாக இருக்கும் உச்ச நேரத்தோடு ஒப்பிட்டு, எப்போது அறையை நன்றாகக் குளிரவைப்பது, எப்போது ஏர்கோனை அடக்கி வைப்பது என்று அது முடிவு செய்கிறது. இரண்டு பெட்டிகள், பொருத்தும் கூலி, முதலாண்டுச் சந்தா எல்லாம் சேர்த்து 420 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். விற்ற கடையோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு என்பதால் கடையின் பெயரையும் கருவியின் பெயரையும் எழுதவில்லை. இந்த வகைக் கருவிகள் பல பெயர்களில் விற்கின்றன. கீழே சொல்பவை பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நான் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப் பள்ளி ஆசிரியர். வீட்டுக் கூடத்தில் மாலை 3 மணி முதல் 5 மணி வரை இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் தமிழ்மொழி எழுதும் மாணவர்கள் எட்டுப் பேருக்கு வகுப்பு நடத்துகிறேன். கூடத்தில் ஒன்றரைக் குதிரைத்திறன் ஏர்கோன் ஒன்று. 84 வயதான அம்மாவின் அறையில் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஒன்று. வீடு மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயில் முழுவதையும் முன்சுவர் வாங்கிக்கொள்ளும். இரவு 8 மணிக்குக் கையை வைத்துப் பார்த்தால் அப்போதும் இளஞ்சூடாக இருக்கும். ஆகவே ஏர்கோனை எப்போது போடுவது, எவ்வளவு போடுவது என்பது எங்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு.

இந்தக் கருவி மேல் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் கட்டணம் மட்டுமன்று. ஜாலோங் போகும் வழியில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், வளர்ந்தவன் நான். அப்போது தோட்டத்துக்கென்று மின்சாரம் தரும் ஓர் இஞ்சின் இருந்தது. மாலை ஆறரைக்கு ஓடத் தொடங்கி இரவு 10 மணிக்கு நின்றுவிடும். வீட்டுக்கு இரண்டு விளக்கு. இஸ்திரிப் பெட்டி போடக் கூடாது என்பது கட்டளை. பள்ளி திறக்கும் நாளுக்கு முந்தைய இரவில் எவராவது சட்டையைத் தேய்க்கத் திருட்டுத்தனமாகச் சொருகிவிட்டால், வரிசை முழுவதும் விளக்குகள் மஞ்சளாகி மங்கும், சற்று நேரத்தில் இஞ்சின்காரர் டார்ச் லைட்டோடு வந்து, "யாரு வீட்டுல பெட்டி போட்டிருக்கீங்க?" என்று கத்திக்கொண்டே வரிசையைச் சுற்றுவார். மின்தொகுப்பு, அதாவது மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் வலையமைப்பு, என்றால் என்ன என்பதை நான் படித்தது அங்கேதான். எடுக்கும் மின்சாரமும் உற்பத்தியாகும் மின்சாரமும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். எடுப்பது கூடினால் இஞ்சின் திணறும், திணறினால் எல்லாருக்கும் மங்கும்.

தீபகற்ப மலேசியாவின் மின்தொகுப்பும் அடிப்படையில் அந்த இஞ்சின் அறைதான். 50 ஹெர்ட்ஸ் என்னும் அலைவெண் (மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது) குறையாமல் நாள் முழுவதும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சமநிலை ஒருமுறை குலைந்தால் என்ன ஆகும் என்பதை 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று மாலை தீபகற்பம் முழுவதும் மின்சாரம் போயிற்று. அதற்குக் காரணம் வெயில் அன்று, மின்கம்பித் தடத்தில் ஏற்பட்ட பழுது. ஆனால் வெயில் காலத்தில் அத்தகைய பழுதைத் தாங்கும் இடைவெளி குறைந்துபோகிறது. வெப்பம் கூடக் கூட ஏர்கோன்கள் கூடுதலாக இழுக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். அதே வெப்பம் உற்பத்திப் பக்கத்தையும் தாக்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. எரிவாயுச் சுழலிகளின் திறன் 15 டிகிரி காற்றை வைத்தே கணிக்கப்படுகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் 35 டிகிரியில் அவை தரும் மின்சாரம் குறைகிறது. மின்மாற்றிகளும் கம்பிகளும் சூடாகி, தாங்கும் சுமையின் அளவு சுருங்குகிறது. தேவை ஏறும் அதே மணி நேரத்தில் வரத்து இறங்குகிறது என்பதுதான் வெயில் காலத்தின் சங்கடம். 2024-இல் தீபகற்பத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது.

ஆண்டில் சில பிற்பகல்களுக்காக மட்டும் புதிய மின்நிலையம் கட்டுவது பெருஞ்செலவு. அந்தச் சில மணி நேரங்களில் பயன்பாட்டைக் கொஞ்சம் தணிக்க மக்களைக் கேட்பதும், தணித்ததற்குப் பணம் கொடுப்பதும் மலிவு. இதைத் தேவைத் தணிப்பு என்கிறார்கள். நான் வாங்கிய கருவி, விளம்பரத்தில் சொன்னபடி, "வெயிலறிந்து தேவை தணிக்கும்" கருவி.

இனி பொருத்திய கதை. வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வந்தார்கள். அதுகூடப் பெரிதில்லை. வந்த தம்பி நல்ல பிள்ளை; என் மாணவர் ஒருவரின் அண்ணன். ஆனால் அம்மாவின் அறையை உச்ச நேரக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைக்க முடியுமா என்று நான் கேட்டபோது, "முடியும் சார், ஆப்புக்குள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி எதுவும் செயலியில் இல்லை. இரண்டு பெட்டியும் ஒரே கணக்கில் இருந்தால் ஒரே விதிதான். மூன்று முறை கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். மூன்றாம் முறை கிடைத்த பதில், தனிக் கணக்கு வேண்டுமானால் தனிச் சந்தா கட்ட வேண்டும் என்பது. வாங்கும் முன்பே இதைச் சொல்லியிருந்தால் நான் ஒரு பெட்டியோடு நிறுத்தியிருப்பேன்.

அது ஏன் முக்கியம் என்று பிறகு தெரிந்தது. மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பு முடிந்து உள்ளே போனபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கருவி அவர் அறையை 27 டிகிரிக்கு உயர்த்தி வைத்திருந்தது. "ஏன்டா, கரண்டு காசு கட்டலையா?" என்று கேட்டார். இளைஞர்களுக்கு 27 டிகிரி ஒரு பொருட்டே அன்று. வயதானவர்களின் உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் விதமே வேறு. அவர்கள் தாகத்தையும் தாமதமாகவே உணர்கிறார்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் மணி நேரத்தில்தான் மின்தொகுப்புக்கு உதவி வேண்டும், அதே மணி நேரத்தில்தான் முதியவருக்குக் குளிர்ச்சியும் வேண்டும். ஆகவே யாரைக் கேட்பது, யாரைக் கேட்கக் கூடாது என்று பிரிக்கத் தெரியாத எந்தக் கருவியும் இந்த வேலைக்கு முழுத் தகுதி பெற்றதாகாது. அன்றே அம்மா அறைப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். பிறகு பல நாள் ரிமோட்டை வைத்து நானே அந்த வேலையைப் பார்த்தேன்.

கூடத்தில் கருவி செய்த வேலை மெச்சத்தக்கது. மறுநாளைய முன்னறிவிப்பு 34 டிகிரிக்கு மேல் என்றால் நண்பகல் 12 மணிக்கே ஏர்கோனை 22-இல் ஓடவிட்டு, சுவரையும் தரையையும் குளிரவைத்துக்கொள்கிறது. 2 மணி ஆனதும் 26-க்கு ஏற்றிவிட்டு, விசிறி வேகத்தை மட்டும் கூட்டுகிறது. நான் 34 என்பதை 35 ஆக்கிக்கொண்டேன். வானிலைத் துறை, ஓர் இடத்தின் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை தொடர்ந்து மூன்று நாள் பதிவானால்தான் முதல் நிலை வெப்ப எச்சரிக்கை விடுக்கிறது. அதே எல்லையை வைத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் பட்டது. வகுப்பு தொடங்கும்போது அறை இதமாகவே இருந்தது. நாலரைக்கு மேல் பின்வரிசைப் பையன் ஒருவன் நோட்டுப் புத்தகத்தால் விசிறத் தொடங்குவான். அதுவே எனக்கு அளவுகோல்.

வெறும் உணர்வை நம்பாமல் அளந்தும் பார்த்தேன். கருவி முடுக்கிவிட்ட ஒரு நாள், அணைத்துவைத்த ஒரு நாள். இரண்டும் வேலை நாள், இரண்டிலும் வெப்பம் 35 டிகிரி, இரண்டிலும் எட்டு மாணவர்களும் வந்திருந்தார்கள். கேட்டோரம் இருக்கும் மீட்டர் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மணிக்கு ஒருமுறை போய் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டேன். அக்கம்பக்கத்து வீட்டுச் சீன அம்மையார், மீட்டர் பார்க்க வந்தவர் நானோ என்று ஒரு கணம் குழம்பிவிட்டார். கருவி இல்லாத நாளில் 2 மணி முதல் 6 மணி வரை 6.3 யூனிட் ஓடியது. கருவி இருந்த நாளில் 4.1 யூனிட். ஆனால் 12 முதல் 2 வரை முன்கூட்டியே குளிரவைத்ததில் கருவி 1.1 யூனிட் கூடுதலாக எடுத்துக்கொண்டது. ஆக, உச்ச நேரத்திலிருந்து 2.2 யூனிட் அகன்றது. அதில் பாதி முன்நேரத்துக்கு நகர்ந்தது, பாதி உண்மையாகவே மிச்சமானது.

இரண்டு நாளை ஒப்பிட்டு முடிவு சொல்வது முரட்டுக் கணக்கு என்பது எனக்குத் தெரியும். ஒருவர் எவ்வளவு தணித்தார் என்பதை நேரடியாக எந்த மீட்டரும் காட்டாது. தணிக்காவிட்டால் எவ்வளவு எடுத்திருப்பார் என்பதை ஊகித்து, அதிலிருந்து கழிக்க வேண்டும். பொறியாளர்கள் முந்தைய சில நாள்களின் சராசரியை எடுத்து, அன்றைய வெப்பத்துக்கேற்பத் திருத்துகிறார்கள். அல்லது அன்று தணிக்கச் சொல்லாத ஒத்த வீடுகளின் கூட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஏர்கோனைப் பொறுத்தவரை இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் கணக்கே பொய்யாகிவிடும். மழை நாளின் சராசரியை வைத்து வெயில் நாளை அளந்தால், உண்மையிலேயே தணித்தவர்கூடக் கூடுதலாக எடுத்தவராகத் தெரிவார். என் கருவியின் செயலி மாதக் கடைசியில் "நீங்கள் 31 விழுக்காடு சேமித்தீர்கள்" என்று பச்சை நிறத்தில் வாழ்த்துச் சொல்கிறது. எதிலிருந்து 31 விழுக்காடு என்று எங்கும் சொல்வதில்லை. அந்த எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

நான்கு மணி நேரத்தில் 2.2 யூனிட் என்றால் சராசரியாக அரைக் கிலோவாட்டுக்குச் சற்று அதிகம். ஒரு வீட்டுக்கு இது தூசு. எங்கள் பக்கத்திலேயே பேராக் ஆற்றின் குறுக்கே 1930-இல் கட்டி முடித்த செண்டரோ அணை இருக்கிறது. அதன் மின்நிலையத்தின் திறன் ஏறத்தாழ 40 மெகாவாட். எங்கள் வீட்டைப் போல 80,000 வீடுகள் ஒரே பிற்பகலில் அரைக் கிலோவாட் குறைத்தால் ஒரு செண்டரோ கிடைத்துவிடும். 20,000 மெகாவாட்டுக்கு முன்னால் அது சிறியதுதான். ஆனால் நெருக்கடி என்பது கடைசி நூறு, இருநூறு மெகாவாட்டில்தான் வருகிறது.

சரி, இதனால் எனக்கு என்ன கிடைத்தது? 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய கட்டண முறையில், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் விரும்பினால் நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்றதெல்லாம், சனி ஞாயிறு உட்பட, சாதாரண நேரம். மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் உச்ச நேரத்தில் யூனிட்டுக்கு 28.52 சென் (100 சென் ஒரு வெள்ளி), மற்ற நேரத்தில் 24.43 சென், மாறாதவர்களுக்கு எந்நேரமும் 27.03 சென். இதற்கு மேல் எல்லாருக்கும் பொதுவாகத் திறன் கட்டணமும் வலையமைப்புக் கட்டணமும் சேர்ந்து 17.40 சென். கொஞ்சம் கூட்டிக் கழித்தால் ஒன்று புலப்படும்: மாதப் பயன்பாட்டில் உச்ச நேரப் பங்கு 63 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் எவருக்கும் இந்த மாற்றம் இலாபம். வாரத்தின் 168 மணி நேரத்தில் உச்ச நேரம் 40 மணிதான் என்பதால், ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் இலாபம். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, மாறுவதற்கு விண்ணப்பித்தால் போதும்.

ஏப்ரல் மாதக் கணக்கு என்னிடம் இருக்கிறது. மொத்தம் 586 யூனிட், அதில் உச்ச நேரத்தில் 150. கருவி கூடத்தில் இயங்கிய வெயில் நாள்கள் பன்னிரண்டு. மேலே சொன்ன அளவை வைத்துப் பார்த்தால், கருவி இல்லாவிட்டால் 599 யூனிட் ஆகியிருக்கும், உச்ச நேரத்தில் 176. கட்டண முறையை மாற்றியதால் மட்டும், கருவியே இல்லாமல், எனக்கு 8 வெள்ளி 37 சென் குறைந்திருக்கும். கருவியால் அதற்கு மேல் கிடைத்தது 6 வெள்ளி 50 சென். இந்த ஆறரை வெள்ளியையும் பிரித்துப் பார்த்தேன். 13 யூனிட்டை எடுக்காமலே விட்டதனால் வந்தது 5 வெள்ளி 97 சென். இன்னொரு 13 யூனிட்டை உச்ச நேரத்திலிருந்து நண்பகலுக்கு நகர்த்தியதற்கு, அதாவது கொளுத்தும் வெயிலில் மின்தொகுப்புக்குத் தோள் கொடுத்ததற்கு, கிடைத்தது 53 சென். ஒரு கறிபாப் வாங்கவும் போதாது.

மார்ச்சில் மட்டும் ஒரு தற்செயல் இலாபம் வந்தது. அம்மாதக் கணக்கு 594 யூனிட். கருவி பதினாறு நாள் இயங்கி மிச்சம் பிடித்த 17 யூனிட்டையும் சேர்த்தால் 611 ஆகியிருக்கும். 600 யூனிட்டைத் தாண்டினால் 10 வெள்ளி சில்லறைச் சேவைக் கட்டணம் சேரும், தாண்டிய பகுதிக்குச் சேவை வரியும் உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்ததே நான்கு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய தொகை. மாதம் 600-ஐ ஒட்டித் தள்ளாடும் வீட்டுக்காரர்கள் இதை மனத்தில் கொள்ளலாம். மற்றவர்களுக்கு, வெயில் மாதங்களில் ஆறேழு வெள்ளி, மழை மாதங்களில் அதில் பாதி என்று வைத்தால், ஆண்டுக்கு 50 வெள்ளி தேறும். இரண்டாம் ஆண்டுச் சந்தா 48 வெள்ளி. மீதியை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கருவி வெயிலைப் பார்க்கிறது, கட்டணமோ பார்ப்பதில்லை. விலை உச்ச நேரத்தில் 28.52 சென் என்றால், நவம்பரில் மழை கொட்டும் பிற்பகலிலும் அதே விலை, மார்ச்சில் தார் உருகும் பிற்பகலிலும் அதே விலை. மின்தொகுப்புக்கு என் உதவி உயிர்போகும் அவசரமாகத் தேவைப்படும் பத்துப் பதினைந்து நாளையும், துளியும் தேவைப்படாத நாளையும் அது ஒரே தட்டில் வைக்கிறது.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். அந்த மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்தொகுப்பை நடத்தும் எர்காட் என்ற அமைப்பு, அவசரத் தணிப்புச் சேவை என்ற பெயரில், நெருக்கடி நேரத்தில் பயன்பாட்டைக் குறைக்க முன்வருவோருக்கு ஒப்பந்த அடிப்படையில் பணம் கொடுக்கிறது. அழைத்ததும் 10 நிமிடத்தில் குறைப்பவர், 30 நிமிடத்தில் குறைப்பவர் என்று இரு பிரிவு. தொழிற்சாலைகளுக்கு இது எளிது; இன்னின்ன இயந்திரத்தை நிறுத்தினால் இவ்வளவு குறையும் என்று உறுதி சொல்லலாம். ஆனால் வீட்டு ஏர்கோன் அப்படி உறுதி சொல்ல முடியாத பொருள். 38 டிகிரியில் நிறையக் குறைக்க முடியும், 28 டிகிரியில் குறைக்க எதுவுமே இருக்காது. அங்கே கடுங்கோடையின் உச்சத் தேவையில் ஏறத்தாழ பாதி வீடுகளிலிருந்து வருவதால், அவற்றை விட்டுவிடவும் முடியாது. அதனால் வானிலையைச் சார்ந்த சுமைகளுக்கென்று அந்தச் சேவையில் தனிப் பிரிவே வைத்தார்கள். வீடுகளைக் கூட்டமாகத் திரட்டி ஒருவர் ஒப்பந்தம் செய்கிறார். அன்றைய வெப்பத்தில் அந்தக் கூட்டம் எவ்வளவு எடுத்திருக்கும், எவ்வளவு எடுத்தது என்பதை வைத்து அளக்கிறார்கள்.

எர்காட்டின் உச்சத் தேவை 2023 ஆகஸ்ட் 10-இல் 85,508 மெகாவாட்டைத் தொட்டது. ஆனால் உண்மையான நெருக்கடி அன்று வரவில்லை. செப்டம்பர் 6-ஆம் தேதி மாலை, சூரியன் இறங்கிச் சூரிய மின்சாரம் வடிந்த வேளையில், வெப்பம் மட்டும் இறங்காமல் நின்றபோது வந்தது. அன்று இரண்டாம் நிலை அவசரம் அறிவித்தார்கள். ஊர் ஊராக மின்சாரத்தை நிறுத்தும் நிலை வரவில்லை. எங்கள் முன்சுவர் இரவு 8 மணிக்கும் சுடுகிறது என்று சொன்னேனே, டெக்சஸ் மாலையின் கதையும் அதுதான். கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகப் பெருக நம் நாட்டிலும் நண்பகல் இலேசாகி, மாலையே கனமாகும்.

டெக்சஸில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லவும் மாட்டேன். 2021 ஜூன் மாதத்தில், தாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது வீட்டின் வெப்பநிலையை யாரோ தொலைவிலிருந்து உயர்த்திவிட்டார்கள் என்று பல குடும்பங்கள் கொதித்தெழுந்தன. பரிசுக் குலுக்கலில் சேர்வதற்காக ஒப்புக்கொண்ட நிபந்தனைக்குள் அந்த அனுமதியும் இருந்தது என்பதைப் பலர் அறியவில்லை. அம்மாவின் கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது.

கருவியின் மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அது பார்க்கும் வானிலை ஈப்போவினுடையது. நாங்கள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் பிற்பகல்களில் இடிமழை ஊருக்கு ஊர் மாறிப் பெய்யும். இங்கே கூரைத் தகரம் கிழிகிற மாதிரி மழை கொட்டிக்கொண்டிருக்க, ஈப்போவில் 35 டிகிரி என்று நம்பிக் கருவி கடமையாற்றிக்கொண்டிருந்த நாள்கள் இரண்டு உண்டு. மழையின் இதத்தில் ஏர்கோனே தேவையில்லை என்பது சுவரில் ஒட்டிய பெட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு வெப்பமானி இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. மே 1, தொழிலாளர் தினம், பொது விடுமுறை என்பதால் நாள் முழுவதும் சாதாரணக் கட்டணம். அன்றும் கருவி உச்ச நேரமென்று கூடத்தை அடக்கி வைத்தது. விருந்தாளிகள் வந்திருந்தார்கள்.

இன்னொன்று சிறியதுபோல் தோன்றும், ஆனால் எனக்கு இதுவே பெரிது. படுக்கையறை முறையில் வைத்தால், இரவு 10 மணி அடித்த அதே நொடியில் கருவி ஏர்கோனை 22-க்கு இறக்கி முழு வேகத்தில் முடுக்குகிறது. ஒரு வீட்டில் செய்தால் ஒன்றுமில்லை. பத்தாயிரம் வீட்டுக் கருவிகள் ஒரே நொடியில் செய்தால், 2 மணிக்குத் தவிர்த்த மேட்டை 10 மணிக்குப் புதிதாகக் குவித்தது போலாகும். வீட்டுக்கு வீடு சில நிமிடம் முன்பின்னாகத் தொடங்க வைப்பது மென்பொருளில் ஒரு வரி வேலை. எங்கள் இஞ்சின்காரருக்கே அது தெரிந்திருந்தது. மாலையில் ஒரே மூச்சில் எல்லாருக்கும் விடமாட்டார், மேல் லயம் முதலில், இஞ்சின் சீரானதும் கீழ் லயம்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் முதலில் நேரக் கட்டணத்துக்கு மாறிக்கொள்ளுங்கள், அது இலவசம். துணி துவைக்கும் இயந்திரத்தையும் இஸ்திரிப் பெட்டியையும் காலைக்கோ சனிக்கிழமைக்கோ தள்ளுங்கள், அதுவும் இலவசம். அதன் பிறகும் பிற்பகல் முழுவதும் ஏர்கோன் ஓடும் வீடு, டியூஷன் வகுப்பு, தையல் கடை, சிறிய கிளினிக் என்றால் ஒரு பெட்டி மட்டும் வாங்கிப் பார்க்கலாம். சந்தா இல்லாமல் நாமே நேரத்தை அமைத்துக்கொள்ளும் எளிய வகைகள் பாதி விலைக்கும் குறைவாகவே கிடைக்கின்றன, வெயில் நாளா இல்லையா என்பதை வாசலில் நின்று நாமே பார்த்துக்கொள்ளலாம். முதியவரோ கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் அறைக்கு வேண்டாம். வெயில் நாளில் தணிப்பவருக்கு அந்த நாளுக்கென்றே பணம் கொடுக்கும் ஏற்பாடு நமக்கும் வந்தால், இதே கருவிக்கு நான் இன்னொரு மதிப்புரை எழுதுவேன்.

அம்மா அறைப் பெட்டியைக் கழற்றி, ஈப்போவில் இருக்கும் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்; அவன் வீட்டுக்கு ஈப்போ வானிலை பொருந்தும். கூடத்துப் பெட்டி சந்தா முடியும்வரை சுவரில் இருக்கும்.